ஏனோசி வாத்தியாரின் முழுக்கு

ஏனோசி மகோம்பே தலைவராக ஆசைப்பட்ட ஆள் இல்லை. நபிசோலோ மலைச் சரிவில் இருந்த யூதக் குடும்பங்களுக்கு முன்னால் நின்று ஓதுகிறவர், பிறந்த எட்டாம் நாள் ஆண்பிள்ளைகளுக்குச் சுன்னத்துச் செய்கிறவர், கோழி அறுத்துக் கொடுக்கிறவர், குழிமேட்டில் கடைசி வார்த்தை சொல்கிறவர் எல்லாம் அவர்தான். வார நாட்களில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இதில் வாத்தியார் வேலைக்கு மட்டும்தான் அவராக மனுப் போட்டார். மற்றதெல்லாம் அடுத்தவர் கையிலிருந்து நழுவி, கீழே விழுந்துவிடக் கூடாதே என்று அவர் நீட்டிய கையில் வந்து உட்கார்ந்துகொண்டவை.

அவர் பாட்டன் தலைமுறையில், பாதிரிமார் கொடுத்த வேதத்தைத் தாங்களாகவே படித்துப் பார்த்து, முதல் பாதியே போதும் என்று முடிவு செய்த கூட்டம் அது. வெளியூர் யூதன் ஒருத்தனையும் கண்ணால் பார்க்காமலே ஓய்வுநாள் காத்தார்கள். சங்கீதங்களுக்குத் தாங்களே மெட்டுப் போட்டுக்கொண்டார்கள். சுற்றியிருந்த ஜனங்களுக்கு இது வேடிக்கை. அந்த மலையில் இரட்டைப்படை வருஷம் வந்தால் பதினெட்டு வயசுப் பையன்களின் முகத்தில் தினைமாவு பூசி, மேளம் கொட்டி, ஊர் நடுவே நிற்க வைத்துச் சுன்னத்துச் செய்வார்கள். இமை ஆடக் கூடாது. ஆடினால் பேரன் காலம் வரைக்கும் பேச்சு நிற்கும். ஏனோசிக்கோ எல்லாம் எட்டாம் நாளே முடிந்துவிட்டது. கூடப் படித்தவர்கள் காயம் ஆறிக் கைத்தடியோடு பெரிய மனுஷர்களாக நடந்து வந்தபோது அவரை வழியில் மறித்து, "தொட்டில்ல கிடந்தப்போ வெட்டிக்கிட்டவன் எல்லாம் ஆம்பளையாடா?" என்று கேட்டார்கள். அவர் ஒதுங்கி வழி விட்டார். ஒதுங்குவது அவருக்குச் சின்ன வயசிலேயே கைவந்துவிட்டது.

ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோதும் அதே கதைதான். பாதிரிமார் நடத்திய பயிற்சிப் பள்ளியில் பெரியவர் அவருடைய மதிப்பெண்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை வகுப்பில் வந்து உட்காரலாம் என்றார். ஏனோசி நன்றி சொல்லிவிட்டு இருபது மைல் நடந்து வீடு வந்து சேர்ந்தார். ஒரு வருஷம் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தார். அடுத்த வருஷம் அரசாங்கப் பள்ளி ஒன்றில் இடம் கிடைத்தது. படித்து முடித்து வந்ததும் அபிகைரியைக் கல்யாணம் செய்துகொண்டார். அபிகைரி, அப்போது தலைவராக இருந்த நாத்தானியின் மகள். குள்ளம். முழு வாழைத்தாரைத் தலையில் வைத்துக்கொண்டு கை விடாமல் மேடேறுவாள். எழுதப் படிக்கத் தெரியாது. நூற்றைம்பது சங்கீதத்தில் முக்கால்வாசி வாயில் இருந்தது. நாக்கு அதைவிடக் கூர்மை.

ஜெனரல் ஆட்சியைப் பிடித்த பிறகு, நாட்டில் எந்தெந்த மதத்துக்கு அனுமதி என்று ஒரு பட்டியல் வந்தது. பட்டியலில் இவர்கள் இல்லை. நாலு சிப்பாய்கள் வந்து ஜெப ஆலயத்தின் தகரக் கூரையைப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மண் சுவர் இரண்டு மழைக்காலம் நின்றது, மூன்றாவதில் கரைந்தது. ஜனங்களும் அப்படித்தான் கரைந்தார்கள். கொஞ்சம் பேர் தேவாலயத்துக்குப் போனார்கள், கொஞ்சம் பேர் பள்ளிவாசலுக்குப் போனார்கள். பிள்ளைகுட்டிக்காரர்கள்; யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. நாத்தானி அந்த வருஷமே படுத்தார். எதையும் யாரிடமும் ஒப்படைக்கவில்லை. பத்து நாள் இருமினார், பதினோராம் நாள் இருமல் நின்றது. குழிமேட்டில் வார்த்தை சொல்ல ஆள் வேண்டுமே என்று எல்லாரும் ஏனோசியைப் பார்த்தார்கள். அவருக்கு அப்போது முப்பத்திநாலு வயசு.

சனிக்கிழமை காலையில் கூட்டமாக எங்கே உட்காருவது? அபிகைரிதான் வழி சொன்னாள். காப்பிச் செடிகளுக்குக் கீழே அவள் அவரைக்காய் போட்டிருந்த நிலம் பாதையிலிருந்து பாதி மறைவு. மிச்சமிருந்த ஏழு குடும்பமும் மண்வெட்டியோடு அங்கே வந்து சேரும். வரிசையாக நின்றுகொண்டு, கீழ்க்குரலில் ஓதுவார்கள். பாதையில் காலடிச் சத்தம் கேட்டால் எல்லாரும் குனிவார்கள். மண்வெட்டி ஒரு தடவைகூட மண்ணில் இறங்காது. அது ஓய்வுநாள் அல்லவா. ஒருமுறை பக்கத்துத் தோட்டக்காரன் நின்று பார்த்துவிட்டு, "என்ன வாத்தியாரே, ஆறு மாசமா ஊரே சேர்ந்து கொத்துறீங்க, களை வச்சது வச்சபடி இருக்கே?" என்று கேட்டான். ஏனோசி நிமிர்ந்து, "அதுக்கும் எங்க மேல பிரியம் போல," என்றார். அவன் சிரித்துவிட்டுப் போனான். யாரிடமும் சொல்லவுமில்லை.

பிடிபட்டது வேறு வழியில். சனிக்கிழமைதோறும் வாத்தியார்கள் எல்லாரும் வட்டார அலுவலகத்துக்கு ரோடு வெட்ட வர வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஏனோசி முதல் சனிக்கிழமை வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பினார். இரண்டாவதும் வயிற்றுவலி. நாலாவது வயிற்றுவலிக்குப் பிறகு இரண்டு பேர் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். பருத்தி மூட்டை அடுக்கும் கிடங்கில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். முதுகில் பிரம்படி விழுந்தது. எத்தனை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அதிகாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மேஜைமேல் ஒரு தாள். தடை செய்யப்பட்ட அந்த மதத்தை நான் விட்டுவிட்டேன், யாருக்கும் கற்றுக்கொடுக்கவும் மாட்டேன் என்று தட்டச்சில் இரண்டே வரி. ஏனோசி அதை இரண்டு தரம் படித்தார். இரண்டாவது வரியில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. வாத்தியார் புத்தி, வாய் சும்மா இருக்கவில்லை. சொல்லிவிட்டார். அதிகாரி வாய்விட்டுச் சிரித்து, பேனாவை அவரிடமே கொடுத்தான். ஏனோசி பிழையைத் திருத்தி, கீழே கையெழுத்தும் போட்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம், கையெழுத்தைவிட அந்தத் திருத்தம்தான் அவரை அரித்தது. பயந்து போட்ட கையெழுத்துக்கு உலகத்தில் மன்னிப்பு உண்டு. பயந்தவன் எதற்குப் பிழை திருத்துகிறான்?

வீட்டுக்கு வந்து அபிகைரியிடம் சொன்னார். அவள் கடலை வறுத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. கருகிவிடக் கூடாதே என்று சட்டியை இறக்கி வைத்துவிட்டு, அவருடைய சட்டையைக் கழற்றி முதுகைப் பார்த்தாள். வெந்நீர் வைத்தாள். அவர் சொன்னதைப் பற்றி அன்றைக்கும் ஒன்றும் பேசவில்லை, அடுத்த நாளும் பேசவில்லை.

சனிக்கிழமை வழக்கம்போல் ஏழு குடும்பமும் மண்வெட்டியோடு வந்தது. ஏனோசி முன்னால் போகாமல் ஓரமாக நின்றார்.

"நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன். அந்த மாதிரி எழுதிக் கொடுக்காதவங்க யாராவது முன்னால வந்து ஓதுங்க. நான் பின்னால நின்னு ஆமென் சொல்றேன்."

யாரும் அசையவில்லை. கேசியா என்ற விதவை, அவளுக்கு முழங்கால் வலி, மண்வெட்டிப் பிடியில் சாய்ந்துகொண்டு, "மேகம் கறுக்குது வாத்தியாரே. சீக்கிரம் ஆரம்பிங்க," என்றாள். அவர் ஆரம்பித்தார்.

எட்டு வருஷம் போய் ஜெனரல் ஓடிப்போனான். தடை நீங்கியது என்று ரேடியோவில் சொன்னார்கள். அந்த வாரம் ஏனோசி சுவரில்லாத ஜெப ஆலயத்துத் தரையில் புல் வெட்டிச் சுத்தம் செய்துவிட்டு, போனவர்கள் திரும்பி வருவார்கள் என்று சனிக்கிழமை காலையில் காத்திருந்தார். இரண்டு குடும்பம் வந்தது. போனவர்கள் போன இடத்தில் வேர் விட்டிருந்தார்கள். பெண் கொடுத்து, பெண் எடுத்து, பேரையும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். சந்தையில் பார்த்தால் அன்பாகக் கை குலுக்குவார்கள். கண்ணை மட்டும் வேறு பக்கம் வைத்துக்கொள்வார்கள். ஏனோசியும் யாரையும் வற்புறுத்தவில்லை. வற்புறுத்த அவரிடம் பலம் மிச்சமில்லை என்பதும் உண்மை, தான் கையெழுத்துப் போட்ட ஆள் என்ற நினைப்பு வாயைக் கட்டியது என்பதும் உண்மை.

பிறகு இருபது வருஷத்துக்கு மேல் அவருடைய நாட்கள் ஒன்றுபோல ஓடின. பிள்ளைகள் படிப்புக்காக மதம் மாறுகிற கொடுமை தன்னோடு போகட்டும் என்று, பலாமரத்தடியில் இருபது பிள்ளைகளை வைத்து ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். அது வளர்ந்து ஏழு வகுப்பாயிற்று. யூதப் பிள்ளைகள் கால்வாசி, மற்றதெல்லாம் கிறிஸ்தவப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள். வந்தவர்களுக்கெல்லாம் பெஞ்சு போட்டார். மூன்றாம் வகுப்பில் மட்டும் தொண்ணூறு பேர். பின்வரிசைக்குக் கேட்கிற மாதிரி கத்திக் கத்தி அவருக்குக் குரல் போயிற்று; மீதி இருந்த குரலில் சனிக்கிழமை ஓதினார். மத்தியானக் களிக்கு மாவு தீர்ந்துவிட்டது என்று ஒரு புகார், எந்த வீட்டுக் கோழியை யார் வீட்டு நாய் பிடித்தது என்று ஒரு பஞ்சாயத்து. மகள் மிரியாமு நர்ஸ் வேலை கிடைத்துத் தலைநகர் கம்பாலா போனாள். அவருக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. சாயங்காலம் வீடு வந்ததும் அபிகைரி ஒரு தொட்டியில் உப்புத் தண்ணீர் வைப்பாள். அதில் காலை விட்டுக்கொண்டு, "இன்னிக்கு ஒருத்தரும் சாகல. அது போதும்," என்பார்.

வெளிநாட்டு யூதர்கள் வந்து போக ஆரம்பித்தது அந்தக் காலத்தில்தான். வந்தார்கள், பாட்டைக் கேட்டார்கள், அழுதார்கள், படம் எடுத்துக்கொண்டு போனார்கள். சில பேர் ஜெபப் புத்தகம் அனுப்பினார்கள். கூடவே ஒரு கேள்வியும் வந்தது: இவர்கள் முறைப்படி யூதர்கள்தானா? முறைப்படி ஆக வேண்டுமென்றால் ரபிகள் என்கிற மதகுருமார் மூன்று பேர் உட்கார்ந்து விசாரித்து, ஏற்கெனவே சுன்னத்தான ஆண்களுக்கு அந்த இடத்திலேயே ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, ஆணும் பெண்ணும் ஆற்றில் முழுகி எழுந்து, தாளில் பெயர் ஏற வேண்டும்.

சபைச் செயலாளர் யோவாசி முடோமா இதைப் பிடித்துக்கொண்டான். முப்பது வயசுக்காரன், ஏனோசியிடம் படித்தவன், நல்லவன். உலகத்தில் எந்த ஊர் ஜெப ஆலயத்துக்குப் போனாலும் நம்ம பிள்ளைகளை யாரும் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கக் கூடாது என்பது அவன் வாதம். வயசானவர்களுக்கு ரத்தம் கொதித்தது. இத்தனை வருஷம் நாம் யாராக இருந்தோம், மண்வெட்டியோடு நின்றது யார் என்று கேட்டார்கள். இரண்டு கட்சியும் ஏனோசி வீட்டு முற்றத்துக்குத்தான் வந்தது. மாறி மாறி வந்து உட்கார்ந்து, மாறி மாறிப் பேசிவிட்டுப் போனார்கள். அவர் உப்புத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் கேட்டார். இரண்டு பக்கமும் சரி என்று அவருக்குத் தோன்றியது. அதனால் அலுப்புக் கூடியதே தவிர ஒரு வழியும் பிறக்கவில்லை.

காப்பி பழுத்துக்கொண்டிருந்த ஒரு வாரத்தில் மூன்று ரபிகளும் வந்து சேர்ந்தார்கள். மூத்தவருக்கு நரைத்த தாடி, மெதுவான பேச்சு. ஏனோசி வகுப்பு எடுப்பதைப் பின்பெஞ்சில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டார். பிறகு இருவரும் பலாமரத்தடியில் உட்கார்ந்தார்கள். யோவாசி மொழிபெயர்த்தான். நீங்கள் யூதர் இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை, மற்றவர்கள் சொல்லாமல் இருப்பதற்கு ஒரு வேலி போடுகிறோம், அவ்வளவுதான் என்றார் ரபி. அதைச் சொல்லும்போது அவருக்கே கூச்சமாக இருந்தது தெரிந்தது.

ஏனோசி அவரிடம் தாள் விஷயத்தைச் சொன்னார். பிழை திருத்தியது உட்பட. யோவாசிக்கு அதுவரை தெரியாது. மொழிபெயர்க்கிறவன் நடுவில் நின்றுபோனான். ரபி கேட்டு முடித்து, கத்திமுனையில் வாங்கிய கையெழுத்து நம் சட்டத்தில் செல்லாது, அது போடாததற்குச் சமம் என்றார்.

"உங்க சட்டத்துல செல்லாது, சரி," என்றார் ஏனோசி. "என் கை போட்டது எனக்குத் தெரியுமில்ல? அன்னிக்கு வெளிய போறேன்னு எழுதிக் கொடுத்தவன், இன்னிக்கு உள்ள வர்றேன்னு எழுதிக் கொடுக்கறதுல எனக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. நான் முழுகறேன்."

செய்தி மலை முழுக்கப் பரவியது. வாத்தியாரே முழுகுகிறார் என்றால் நமக்கென்ன என்று வயசானவர்களில் பாதிப்பேர் இறங்கி வந்தார்கள். மீதிப் பாதி முகத்தைத் திருப்பிக்கொண்டது. அன்றைக்குச் சாயங்காலம் தொட்டியில் காலை விட்டபடி, நாளைக்குப் பெண்கள் பக்கம் காலையிலேயே ஆரம்பித்துவிடுவார்கள் என்று அபிகைரியிடம் சொன்னார். அவள் மூங்கில் குருத்தை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் வரல," என்றாள்.

"எல்லாரும் முழுகறாங்க."

"முழுகட்டும். மிரியாமு அப்பா, நீங்க கையெழுத்துப் போட்டீங்க, நீங்க முழுகறது நியாயம். நான் எதுல போட்டேன்? என்னைக்கு நான் வெளிய போனேன், இப்ப உள்ள வர்றதுக்கு?"

முப்பது வருஷத்தில் அந்தக் கையெழுத்தைப் பற்றி அவள் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. கோபமாகச் சொல்லவில்லை. ஏனோசி தண்ணீர் ஆறும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுக் காலைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் வகுப்பறையில் துணித் திரைக்குப் பின்னால் அவருக்கு ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். அறுபத்தேழு வயசில் கால்சட்டை அவிழ்த்து நிற்பது அவருக்கு அவமானமாகத்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு பதினேழாம் வாய்ப்பாட்டை மனசுக்குள் சொன்னார். பிறகு ஓடையில் கல் அடுக்கித் தேக்கிய இடத்தில் இறங்கினார். மலையிலிருந்து இறங்கும் தண்ணீர், எலும்பைத் தொட்டது. முதல் முழுக்கில் பாசி வழுக்கிச் சாய்ந்தார். நரைத்த தாடி ரபி அங்கியோடு தண்ணீரில் குதித்து அவர் கையைப் பிடித்தார். மூன்று முழுக்கும் முடிந்து கரையேறியபோது ஏதாவது லேசாகும் என்று எதிர்பார்த்தார் போல. குளிரில் பல் கிட்டியது, அவ்வளவுதான். அன்றைக்கே காய்ச்சல் வந்தது.

பெண்கள் பக்கத்தில் அபிகைரி கூடையோடு கரையில் நின்றாள். முழுகி வருகிறவர்களுக்குத் துணி எடுத்துக் கொடுத்தாள். யோவாசி மனைவி வந்து கெஞ்சிப் பார்த்தாள். யோவாசியே தள்ளி நின்று, "அம்மா, ஒரு நிமிஷ வேலைம்மா," என்றான். ரபியைக் கூட்டி வந்தார்கள்.

"அந்த ஐயாகிட்ட சொல்லுப்பா," என்றாள் அபிகைரி. "அவர் நல்ல மனுஷன், வழுக்கி விழுந்த என் புருஷனைப் பிடிச்சார். ஆனா நான் குளிச்சுட்டுத்தான் வந்திருக்கேன்."

யோவாசி தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தான். ரபி தலையைக் குனிந்துகொண்டார். வற்புறுத்தக் கூடாது என்பதுதான் நம் முறை என்று சொல்லிவிட்டுப் போனார்.

தாளில் நூறு பெயருக்கு மேல் ஏறியது. அபிகைரி பெயர் இல்லை. கடைசி நாள், முழுகின தம்பதிகளுக்கு விதானத்தின் கீழ் மறுபடி கல்யாணம் செய்து வைத்தார்கள். ஏனோசி போர்வையைச் சுற்றிக்கொண்டு கூட்டத்தில் ஒருவராக நின்று பார்த்தார். விருந்துக்குக் கடலை விழுதில் மூங்கில் குருத்துச் சமைத்தது அபிகைரி. இலையில் பரிமாறியபோது, புதுசாக விதி படித்த இரண்டு பெண்கள், தாளில் பெயர் இல்லாதவள் சமைத்த இந்தப் பானையில் சாப்பிடலாமா என்று யோவாசியிடம் மெதுவாகக் கேட்டார்கள். அவனுக்குத் தெரியவில்லை, ரபியைத் தேடினான். அதற்குள் ஏனோசி காய்ச்சலோடு வந்து முதல் ஆளாக உட்கார்ந்து இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். மூன்று ரபிகளும் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினார்கள். பிறகு கேள்வி கேட்க யாருமில்லை.

வீட்டில் ஒன்றும் மாறவில்லை. வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குமுன் அபிகைரி விளக்கேற்றினாள். சனிக்கிழமை அவள் உட்காருகிற மூலையில் உட்கார்ந்தாள். மாறியது மற்ற இடங்களில்தான். புதுப் புத்தகம், புது வரிசை. மண்ணில் கை நீட்டி வணங்குகிற பழைய வழக்கம் வேண்டாம் என்றார்கள். யோவாசிக்கு எல்லாம் புத்தகப்படி நடக்க வேண்டும். ஏனோசி எதிர்க்கவில்லை. ஒவ்வொரு வேலையாக அவனிடம் கொடுத்துக்கொண்டு வந்தார். கொடுக்கிறவருக்கு வருத்தமில்லை, மூட்டை இறங்கினால் போதும் என்றிருந்தது.

முழுக்கு முடிந்த நாலாம் வருஷம் பெருமழையில் அபிகைரிக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. மிரியாமு லீவு போட்டு வந்தாள். மலைக்குக் கீழே ம்பாலே நகரத்து ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தாள் அபிகைரி. ஏனோசி பெஞ்சில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவார். அவள் வலி விட்ட நேரத்தில், "எவன் பெயிலு?" என்று கேட்பாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மிரியாமு கஞ்சி வாங்கப் போன நேரத்தில், மூச்சு நின்றது. வாடகை வண்டியில் போட்டு, சேறு தெறிக்க மலையேற்றிக் கொண்டுவந்தார்கள்.

பெண்கள் உடம்பைக் கழுவிக்கொண்டிருந்தபோது யோவாசி முற்றத்துக்கு வந்தான். குடையை மடக்கினான், விரித்தான், மறுபடி மடக்கினான். கண் சிவந்திருந்தது. அவனுக்கும் அவள் கையால் களி தின்று வளர்ந்த உடம்புதான்.

"வாத்தியாரே, கமிட்டியில பேசினோம்," என்றான். "புத்தகத்துல எப்படி இருக்குன்னா... தாள்ல பேர் இல்லாதவங்களை இடுகாட்டு வேலிக்கு வெளிய, தனி வரிசையில... வேலியை ஒட்டியே வைக்கலாம். நாலு முழம்தான் தள்ளி."

ஏனோசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மழைத்தண்ணீர் கூரையிலிருந்து வாளியில் விழுந்துகொண்டிருந்தது. வாளி நிறைந்து வழிந்ததும் எழுந்துபோய் அதைக் கொட்டிவிட்டு, மறுபடி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எனக்குக் கோபம் இல்ல யோவாசி. கோபப்படத் தெம்பு வேணும். நாலு முழம் தள்ளியே வை. ஆனா அங்கயே எனக்கும் சேர்த்து இடம் விட்டு வை. அந்தத் தாளை எடுத்துட்டு வந்தேன்னா, என் பேரையும் இப்பவே அடிச்சுக் கொடுத்துடறேன். எனக்கு அது பழக்கம்தான்."

யோவாசி குடையை அங்கேயே போட்டுவிட்டு மழையில் இறங்கிப் போனான். போனவன் நேரே கேசியா வீட்டுக்குப் போயிருக்கிறான். அவள் படுத்த படுக்கையாக இருந்தாள், காது பாதி போயிருந்தது. என்ன விஷயம் என்று கத்திச் சொன்ன பிறகு அவள் கேட்டாளாம்: "அந்த அவரைக்காய் நிலம் யாருதுடா? நாமெல்லாம் எட்டு வருஷம் யாரு மண்ணுல நின்னோம்?" மூன்று மணி நேரம் கழித்து யோவாசி திரும்பி வந்தான். முழங்கால்வரை சேறு. வேலிக்கு உள்ளே, நாத்தானி பக்கத்தில் குழி வெட்டச் சொல்லிவிட்டதாகச் சொன்னான். அவனே வெட்டிவிட்டு வந்திருந்தான் என்பது கையைப் பார்த்தால் தெரிந்தது.

"ரபிக்கு எழுதிக் கேட்கணும் வாத்தியாரே. நாளைக்கு யாராவது கேள்வி கேட்டா?"

"கேளு," என்றார் ஏனோசி. "எழுதிப் போடு. பதில் வர்றதுக்குள்ள புதைச்சுடலாம்."

பொழுது சாயுமுன் மழை விட்ட இடைவெளியில் அடக்கம் நடந்தது. ஓதத் தொடங்கிய யோவாசி முதல் வரியிலேயே நின்றுவிட்டான். ஏனோசி அவனிடமிருந்து புத்தகத்தை வாங்கி, திறக்காமலே, பழைய மெட்டில் சொல்லி முடித்தார். தேவாலயத்துக்குப் போனவர்கள், பள்ளிவாசலுக்குப் போனவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பின்வரிசையில் சில பேர் வாய் அசைந்தது. வார்த்தை மறக்கவில்லை போலிருக்கிறது.

ரபியிடமிருந்து பதில் வர இரண்டு மாசம் ஆயிற்று. நடந்து முடிந்ததற்குத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை என்று எழுதியிருந்தார். அன்றைக்கு அந்த அம்மா கரையில் நின்றது தினமும் நினைவுக்கு வருகிறது, என் ஊரில் அவருக்காக ஜெபம் சொல்ல வேண்டும், அவர் பெயரும் தகப்பன் பெயரும் எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார். யோவாசி கடிதத்தை வகுப்பறை வாசலுக்கே கொண்டுவந்து படித்துக் காட்டினான். ஏனோசி ஒரு நோட்டிலிருந்து தாள் கிழித்து, 'அபிகைரி, நாத்தானி மகள்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்ப் பின்னக் கணக்கைத் தொடர்ந்தார்.

அடுத்த வருஷம் தலைவர் பொறுப்பை யோவாசி ஏற்றுக்கொண்டான். ஏனோசி இப்போது மூன்றாம் வகுப்புக்கு மட்டும், அதுவும் காலை வேளையில் மட்டும், பாடம் எடுக்கிறார். சாயங்காலம் அவரே தண்ணீர் சுட வைத்துக்கொள்கிறார். உப்பு சில நாள் கூடிவிடுகிறது, சில நாள் போட மறந்துவிடுகிறார். சனிக்கிழமை ஜெப ஆலயத்தில் சுவரோரமாகச் சாய்ந்திருப்பவர் பாதி ஓதலில் தூங்கிப் போவதுண்டு. யாரும் எழுப்புவதில்லை. யோவாசி குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு மேலே ஓதுகிறான்.